ஈபுக்கை எதில் போடுவது? முதலில் வெளியேறும் வழியைப் பாருங்கள்



போன இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் லண்டனில் கவிதைத் தொகுப்பு ஒன்றை முடித்து வைத்திருக்கிறார். இன்னொருவர் பாரிசில், உணவகங்களில் கோப்பை கழுவுகிற எங்கட ஆட்களைப் பற்றிய கட்டுரைகளைச் சேர்த்திருக்கிறார். மூன்றாமவர் இங்கே ஸ்காபரோவில், தன் அம்மப்பாவின் நாட்குறிப்பைப் புத்தகமாக்கப் போகிறார். மூவரும் பதிப்பகங்களை நம்பி இருக்காமல் தாங்களே வெளியிட நினைப்பவர்கள். கேள்வி இதுதான்: "ஈபுக்கை எதில போடுறது? எவன் கூட வீதம் தாறான்?"

வீதத்தைப் பற்றிக் கேட்பதில் பிழையில்லை. எழுதுகிறவருக்கும் வாடகை இருக்கிறது. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. முதல் கேள்வி வேறு: நாளைக்கு இந்தச் சேவையை விட்டு வெளியே வரவேண்டி வந்தால், என் கையில் என்ன இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு நடந்தது

சில வருசங்களுக்கு முன் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் செய்தோம். தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலைகளிலும் இரவு ஷிப்ட் செய்த பதினொரு பெண்களின் கதை. எல்லாரும் எங்கட அம்மாக்களின் வயது. ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய், தேத்தண்ணி குடித்து, மணிக்கணக்காகக் கதைத்துப் பதிவு செய்தது. 200 பிரதி அச்சடித்தோம். வெளியீட்டு விழாவிலும் கைமாறியும் முடிந்துபோனது. அதன் பிறகுதான் ஈபுக் யோசனை வந்தது.

அப்போது கண்ணில் பட்டது ஒரு கம்பனி. பேர் சொல்லப்போவதில்லை, தேவையுமில்லை. "முழுக்க இலவசம், எல்லாக் கடைக்கும் நாங்களே அனுப்புவோம்" என்றார்கள். வேர்ட் பைலைக் கொடுத்தால் அவர்களின் தளமே ஈபுக்காக மாற்றித் தரும், பிழை திருத்தத்தையும் அங்கேயே செய்யலாம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து, கேட்ட எல்லாப் பெட்டிக்கும் சரி போட்டு முடித்துவிட்டோம்.

இரண்டு கிழமையில் ஓர் அன்ரி போன் எடுத்தா. "பிள்ளை, என்ர கதையில அந்தக் கம்பனிப் பேர் இருக்கெல்லே, அதை எடுத்துவிடு" என்றா. அச்சுப் புத்தகத்துக்கு அவ ஓம் சொன்னவதான். ஆனால், "அது எங்கட ஆக்களிட்ட மட்டும்தானே கிடக்கு. இது போனில தேடினா வருமாமே. இப்ப வந்திருக்கிற சுப்பவைசர் தமிழ்ப் பெடியன், தமிழ் வாசிப்பான்."

அவ சொன்னது நியாயம். அன்றிரவே அந்தத் தளத்துக்குள் போய்க் கம்பனியின் பேரை எடுத்தோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய இன்னும் இரண்டு விசயங்களையும் எடுத்தோம். இருபது நிமிட வேலை. அச்சில் இதைச் செய்ய முடியுமா என்று எங்களுக்குள் பெருமை வேறு.

எட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் கணக்கு விதிமுறை மீறலுக்காக மூடப்பட்டுவிட்டதாம். எந்த விதி என்று இல்லை. கேட்டு எழுதினோம், தானியங்கிப் பதில் வந்தது. திரும்ப எழுதினோம், அதே பதில் திரும்ப வந்தது. வரவேண்டிய எண்பது டொலரும் போனது. அந்தக் காசு போனால் போகட்டும்.

பிரச்சினை என்னவென்றால், திருத்திய பிரதி அவர்களின் தளத்துக்குள் மட்டும்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது பழைய வேர்ட் பைல், கம்பனிப் பேரோடு. அதைவிட மோசம், சில கடைகளில் புத்தகம் இன்னும் விற்பனைக்கு இருந்தது. எந்தப் பிரதி என்று எங்களுக்குத் தெரியாது. கணக்கு மூடினபடியால் திருத்தவும் ஏலாது, மீளப்பெறவும் ஏலாது. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக, உரிமையாளர் நாங்கள்தான் என்று எழுதி நிரூபித்து இறக்க நாலு மாதத்துக்கு மேல் போனது.

அந்த நாலு மாதத்தின் தொடக்கத்தில் அன்ரிக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். அவ கோபப்படவில்லை. "நான் கம்பனியை நம்பிக் கதைக்கேல்லை பிள்ளை, உங்களை நம்பித்தான் கதைச்சனான்" என்றா.

வேலை போகவில்லை. அந்தப் பெடியன் அதை வாசித்தானா என்பதும் தெரியாது. ஆனால் அவ அந்த நாலு மாதமும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் அந்தப் பயத்தோடுதான் போய் வந்தா. ஈபுக் விநியோகத்தைப் பற்றி யாராவது "அது ஒரு டெக்னிக்கல் விசயம்" என்று சொன்னால் எனக்கு அந்த போன் கதைதான் ஞாபகம் வரும்.

பெரிய கடைகளும் மூடுகின்றன

இது எங்களுடைய கெட்ட காலம் மட்டும் இல்லை. புரோனவுன் என்று ஒரு சேவை இருந்தது. எழுத்தாளரிடம் காசு வாங்காமல் எல்லாக் கடைக்கும் அனுப்பியது, நல்ல வீதமும் கொடுத்தது. மக்மிலன் என்ற பெரிய பதிப்பகத்தின் கையில் இருந்தது. 2017 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள், 2018 தொடக்கத்தில் கதை முடிந்தது. அதை நம்பியிருந்தவர்கள் எல்லாரும் அவசர அவசரமாக வேறு இடம் தேடவேண்டி வந்தது.

மைக்ரோசொப்ட் 2019 இல் தன் ஈபுக் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்களும் வாசகர்களின் கருவிகளில் இருந்து போய்விட்டன. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் காசைக் கொடுத்து உங்கள் அலுமாரியில் இருந்து ஒருவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக ஏலுமென்றால், அது உங்கள் புத்தகமா? 2009 இல் அமேசன், விற்றவருக்கு உரிமை இல்லையென்று சொல்லி, வாசகர்களின் கின்டில்களில் இருந்து சில புத்தகங்களைத் தூரத்தில் இருந்தே அழித்தது. அதில் ஒன்று ஜோர்ஜ் ஓர்வெலின் '1984'. 2025 பெப்ரவரியில் அதே அமேசன், வாங்கிய புத்தகத்தைக் கம்பியூட்டரில் இறக்கி யுஎஸ்பி வயரால் மாற்றுகிற வசதியையும் நிறுத்திவிட்டது.

இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய சேவையும், இலாபம் வராவிட்டால் மூடும், அல்லது இன்னொருவர் கைக்குப் போகும். அதற்கான ஆயத்தம் எங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1981 இல் யாழ் நூலகத்தில் எரிந்துபோன ஏறக்குறைய 97,000 நூல்களைப் பற்றி நாங்கள் ஒவ்வொரு யூன் மாதமும் பேசுகிறோம். ஒரேயொரு பிரதி ஒரேயொரு இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் எங்கள் சொந்த எழுத்தை வேறொருவரின் சேர்வரில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறோம்.

இருக்கிற வழிகள்

சுயமாக வெளியிடுகிற ஒருவருக்கு இன்றைக்கு மூன்று வழி இருக்கிறது. மூன்றிலும் நல்லதும் இருக்கிறது, பொறியும் இருக்கிறது.

முதலாவது, அமேசனின் கேடிபி. 2016 கடைசியில் கின்டில் தமிழுக்கு இடம் கொடுத்த பிறகு, தமிழில் தாங்களே பதிப்பிக்கிறவர்களின் தொகை கூடியது உண்மை. பைல் ஏற்றக் காசில்லை. 2.99 இலிருந்து 9.99 அமெரிக்க டொலர் வரை விலை வைத்தால் 70 வீதம், அதற்கு வெளியே என்றால் 35 வீதம். இதுவரைக்கும் சரி.

பொறி இருப்பது கேடிபி செலெக்ட் என்ற பெட்டியில். அதற்குச் சரி போட்டால் 90 நாளைக்கு உங்கள் ஈபுக்கை வேறெந்தக் கடையிலும் விற்கக்கூடாது. விற்கக்கூடாது என்று மட்டுமில்லை, உங்கள் சொந்தத் தளத்தில் சும்மா கொடுக்கவும் கூடாது. 90 நாள் முடிய நீங்கள் நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும். பதிலுக்கு, மாதச் சந்தா கட்டி வாசிக்கிற கின்டில் அன்லிமிட்டெட்டில் புத்தகம் சேரும். வாசித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வரும். அந்தத் தொகையை மாதாமாதம் அமேசனே தீர்மானிக்கும், வழமையாக ஒரு பக்கத்துக்கு அரைச் சதத்துக்கும் குறைவு. 180 பக்கத்தை ஒருவர் முழுக்க வாசித்தாலும் உங்களுக்கு ஒரு டொலர் வராது.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தப் பொறி இன்னும் இறுக்கமானது. இந்தியாவில் விற்கிற பிரதிக்கு 70 வீதம் வேண்டுமென்றால் செலெக்டில் சேரத்தான் வேண்டும், இல்லாவிட்டால் 35. தமிழ் வாசகர்களில் பெரும்பங்கினர் இருப்பது தமிழ்நாட்டில். ஆகவே கை தானாக அந்தப் பெட்டிக்குப் போகும். போட்ட பிறகு கிளிநொச்சியில் இருந்து ஒரு மாணவி "அக்கா, பிடிஎப் இருந்தா அனுப்புங்கோ" என்று கேட்டால், ஒப்பந்தப்படி உங்களால் கொடுக்க ஏலாது. இலங்கைக்கென்று அமேசன் கடையும் கிடையாது. யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களுக்கே கதவு பூட்டு.

இரண்டாவது வழி, விநியோகச் சேவைகள். நீங்கள் ஒரு பைலைக் கொடுக்க, அவர்கள் அப்பிள், கோபோ, பார்ன்ஸ் அன்ட் நோபிள், நூலகங்கள் என்று பல இடத்துக்கு அனுப்புவார்கள். அதிகம் அறியப்பட்டது டிராப்ட் டு டிஜிட்டல். 2022 இல் ஸ்மாஷ்வேர்ட்ஸையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. புத்தகத்தின் விலையில் கிட்டத்தட்ட 10 வீதம் அவர்களுக்கு. தனியுரிமை கேட்பதில்லை. 4.99 டொலர்ப் புத்தகம் ஒன்றைக் கடைக்கு நேரே கொடுத்தால் சுமார் மூன்றரை டொலர் வரும், விநியோகச் சேவையூடாக என்றால் சுமார் மூன்று டொலர். நூறு பிரதி விற்றால் வித்தியாசம் ஐம்பது டொலர். எங்கள் புத்தகம் விற்றது 63 பிரதி. வீதத்தைப் பற்றிய சண்டை எவ்வளவு சின்னது என்று நீங்களே பாருங்கள்.

விநியோகச் சேவையைப் பிடிக்காவிட்டால், ஒரு சில கடைக்கு நேரேயும் போகலாம். கோபோவின் தலைமையகம் இங்கே ரொறன்ரோவில்தான், முதலாளி ஜப்பானின் ரக்குட்டென். அங்கேயும் தனியுரிமை இல்லாமல் போடலாம். ஒரு பெட்டிக்குச் சரி போட்டால் ஓவர்டிரைவ் ஊடாக நூலகங்களும் வாங்கலாம். ரொறன்ரோ பொது நூலக அட்டை வைத்திருக்கிறவர்கள் லிப்பி செயலியில் ஈபுக் இரவல் எடுக்கிறது அந்த ஓவர்டிரைவில்தான். காசில்லாதவர் வாசிக்க இது நல்ல வழி. ஆனால் அந்த ஓவர்டிரைவும் 2020 இல் கேகேஆர் என்ற பெரும் முதலீட்டுக் கம்பனியின் கைக்குப் போய்விட்டது. பொது நூலகம் என்று பேர், குழாய் தனியாருடையது. இதையும் தெரிந்துகொண்டுதான் போகவேண்டும்.

மூன்றாவது வழி, நேரடியாக விற்பது அல்லது சும்மா கொடுப்பது. இதில் தமிழுக்கு ஒரு மரபு இருக்கிறது, இடதுசாரிகள் நாங்கள் பெருமைப்படவேண்டிய மரபு. மதுரைத் திட்டம் 1998 இல் தொடங்கியது, தொண்டர்கள் கையால் தட்டச்சு செய்து பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. 2013 இலிருந்து இயங்குகிற ப்ரீதமிழ்ஈபுக்ஸ், கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் புதிய எழுத்தாளர்களின் நூல்களைச் செப்பமாக்கி வெளியிடுகிறது. இவற்றில் எதுவும் உங்களைக் கட்டிப்போடாது.

நேரே விற்பதென்றால் சிறு விற்பனைத் தளங்கள் இருக்கின்றன. வாங்குகிறவரின் மின்னஞ்சல் உங்களுக்குக் கிடைக்கும், பிழை திருத்தினால் புதிய பிரதியை அவர்களுக்கே அனுப்பலாம். ஆனால் அங்கேயும் கார்ட் கம்பனிகளின் கை இருக்கிறது. 2025 யூலையில் இட்ச் தளம், பணம் கைமாற்றுகிற கம்பனிகளின் நெருக்குதலால் ஆயிரக்கணக்கான படைப்புகளை ஒரே நாளில் தேடலில் இருந்து மறைத்தது. அன்றைக்கு அது பாலியல் சார்ந்த படைப்புகள். அரசியல் எழுதுகிற நாங்கள் "எங்களுக்கென்ன" என்று இருக்கலாமா?

அமேசனைப் புறக்கணிக்க வேண்டாமா?

இது கட்டாயம் வரும் என்று தெரியும். வரவும் வேண்டும். மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் 2024 இல் அமேசன் தொழிலாளர் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 2025 ஜனவரியில் கியூபெக்கில் இருந்த ஏழு களஞ்சியங்களையும் அமேசன் மூடியது. சுமார் 1,700 நிரந்தர வேலைகள் போயின. இரவு ஷிப்ட் பெண்களின் கதையை அதே கம்பனியின் கடையில் விற்பது எனக்கும் சங்கடம்தான்.

என் நிலைப்பாடு இது. அமேசனில் புத்தகம் இருப்பது ஒன்று, அமேசனில் மட்டும் இருப்பது வேறொன்று. முதலாவதை ஒவ்வொரு குழுவும் தன் மனச்சாட்சிப்படி முடிவெடுக்கட்டும். போடுகிறதில்லை என்று முடிவெடுக்கிற தோழர்களை நான் மதிக்கிறேன். மதுரையிலோ மன்னாரிலோ இருக்கிற வாசகர் தேடுகிற இடத்தில் புத்தகம் இருக்கவேண்டும் என்று போடுகிறவர்களையும் மதிக்கிறேன். ஆனால் தனியுரிமை கொடுப்பது அப்படியில்லை. அது ஒரு முதலாளியிடம் சாமானை விற்பதில்லை, சந்தையையே ஒப்படைப்பது. சின்ன மொழியில், அரசியல் எழுத்தை, 90 நாளைக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கிற பூட்டுக்குள் வைப்பதற்கு இடதுசாரிக் குழு ஒன்றுக்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு மறுப்பையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், வருமானத்துக்காக செலெக்டில் சேர்ந்தால் அவரை இங்கே டொலரில் சம்பளம் எடுத்துக்கொண்டு நாங்கள் குறை சொல்லக்கூடாது. துப்பறியும் கதையும் காதல் கதையும் எழுதுகிறவருக்கு அந்தக் கணக்கு சரிவரலாம். அவர் எழுதுவது அவருடைய கற்பனை, இழந்தால் அவர்தான் இழப்பார். நாங்கள் எழுதுவது பெரும்பாலும் மற்றவர்களின் வாழ்க்கை. அதை வைத்துச் சூதாட எங்களுக்கு உரிமை இல்லை.

சரி போடமுதல் பார்க்கவேண்டியவை

எந்தச் சேவையாக இருந்தாலும், கடைசிப் பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும். அவர்களின் தளத்துக்குள் ஈபுக் செய்யாதீர்கள். சிகில், கலிபர் இரண்டும் இலவச மென்பொருள். ஒரு வார இறுதியில் பழகலாம். ஈபப் பைலை நீங்களே செய்து, திருத்தம் வந்தால் அதில் திருத்தி, திகதி போட்டுச் சேமித்து, பிறகு ஏற்றுங்கள். மூன்று பேரிடம் பிரதி இருக்கட்டும்.

எங்கட பழைய ஆட்கள் தட்டச்சு செய்த கையெழுத்துப் பிரதிகள் பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் வாசகருக்குத் தெரிவது ஆங்கில எழுத்துக் குப்பை. யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் வாசியுங்கள். கொம்பும் அரவும் இடம் மாறியிருக்கும். நோட்டோ தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவைப் பைலுக்குள் சேர்த்து, விலை குறைந்த அன்ட்ரொய்ட் போன் ஒன்றிலும் பாருங்கள். உங்கள் ஐபோனில் வடிவாக இருப்பது காணாது.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைத் தேடி வாசியுங்கள். தனியுரிமை கேட்கிறார்களா, எவ்வளவு காலத்துக்கு? புத்தகத்தை மீளப்பெற எத்தனை நாள் எடுக்கும்? கணக்கை மூடினால் எத்தனை நாளுக்கு முன் அறிவிப்பார்கள், நிலுவைக் காசு என்னாகும்? சேரமுதல் ஒரு சின்னக் கேள்வியை அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பாருங்கள், தமிழ் நூல்களை எல்லாக் கடைக்கும் அனுப்புகிறார்களா என்று கேட்டாலே போதும். மனிதர் பதில் எழுதினால் நல்லது. தானியங்கிப் பதில் வந்தால், கஷ்டகாலத்திலும் அதுதான் வரும்.

ஐஎஸ்பிஎன் எண்ணை உங்கள் பேரிலோ குழுவின் பேரிலோ எடுங்கள். சேவைகள் சும்மா தருகிற எண்ணில் பதிப்பாளர் என்று அவர்களின் பேர் நிற்கலாம். கனடாவில் இது தேசிய நூலகத்திடம் இலவசமாகவே கிடைக்கும். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் காசு கட்டவேண்டும், குழுவாகப் பத்து எண் சேர்த்து எடுத்தால் மலிவு.

அமெரிக்கச் சேவை என்றால் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தை நிரப்புங்கள். நிரப்பாவிட்டால், அமெரிக்காவில் விற்றதற்கு வருகிற காசில் 30 வீதத்தைப் பிடித்துவிடுவார்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருக்கிறவர்களுக்கு, வரி ஒப்பந்தப்படி நூல்களின் உரிமைத் தொகைக்கு அந்தப் பிடித்தம் இல்லை. ஐந்து நிமிடப் படிவம், பலபேர் பயந்து விட்டுவிடுகிறார்கள்.

டிஆர்எம் பூட்டு போடாதீர்கள். களவெடுக்கிறவனை அது நிறுத்தாது, காசு கொடுத்து வாங்கினவரைத்தான் தொந்தரவு செய்யும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் குழுவின் மின்னஞ்சல் முகவரியைப் போடுங்கள். எங்கள் 63 வாசகர்கள் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் பத்துப் பேராவது எழுதியிருப்பார்கள்.

கடைசியாக, சம்மதம். மற்றவர்களின் கதையைப் பதிவு செய்கிறவர்கள் அச்சுக்கு ஒரு சம்மதம், ஈபுக்குக்கு ஒரு சம்மதம், ஆவணக்காப்பகத்துக்கு ஒரு சம்மதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். "தேடினால் வரும், விற்ற பிரதியைத் திரும்ப எடுக்க ஏலாமல் போகலாம்" என்று வாயால் விளங்கப்படுத்துங்கள். நூலகம் வாங்கிய பிரதியும், ஒருவர் இறக்கி வைத்த பிரதியும் உங்கள் கையில் இல்லை. நிலைத்திருக்க வேண்டும் என்ற எங்கள் ஆசையும், மறைந்திருக்க வேண்டும் என்ற அவர்களின் தேவையும் சில இடத்தில் மோதும். மோதினால் அவர்களின் பக்கம் நில்லுங்கள். அவர்கள்தான் ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

தனியாகச் செய்யவேண்டியதில்லை

மேலே சொன்னதைப் பார்த்து, இவ்வளவையும் ஒருவர் எப்படிச் செய்வது என்று நீங்கள் யோசிக்கலாம். ஏலாதுதான். "சுயாதீன எழுத்தாளர்" என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்று. எல்லா வேலையையும் தனி ஆளின் தலையில் போட்டுவிட்டு அதைச் சுதந்திரம் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு முந்திய தலைமுறை சிற்றிதழ்களை அப்படி நடத்தவில்லை. ஒருவர் தட்டச்சு செய்தார், ஒருவர் ஒட்டினார், ஒருவர் தபால் செலவுக்குக் காசு சேர்த்தார்.

ஆகவே என் முன்மொழிவு சின்னது. எங்கள் கூட்டின் பேரில் ஐஎஸ்பிஎன் எண்கள் சிலவற்றை எடுத்து வைப்போம். கடைசிப் பிரதிகளுக்கென்று ஒரு பொதுக் களஞ்சியம், வேறு வேறு நாட்டில் இருக்கிற மூன்று பேரின் பொறுப்பில். ஈபப் செய்யத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மாதம் ஒருநாள் சொல்லிக் கொடுப்பது. வெளியிடுகிற ஒழுங்கும் ஒன்று வைப்போம்: முதலில் எங்கள் கையில் பிரதி, பிறகு சம்மதம் தந்தவர்களின் நூல்கள் நூலகம் போன்ற காப்பகத்துக்கு, பிறகு தனியுரிமை கேட்காத கடைகள். அமேசன் வேண்டுமா இல்லையா என்பதைக் கடைசியில், நூலுக்கு நூல், எழுதினவரும் கதை சொன்னவர்களும் சேர்ந்து முடிவெடுக்கட்டும்.

எங்கள் புத்தகத்தை இப்போது திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம். பதினொரு பேரில் ஒன்பது பேர் ஈபுக்குக்கு ஓம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் காலமாகிவிட்டார், அவரின் மகளோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம். போன் எடுத்த அன்ரி "அச்சில மட்டும் போடு, போனில வேண்டாம்" என்றா. அவவின் கதை ஈபுக்கில் வராது. பத்துக் கதையோ ஒன்பது கதையோ, அதுதான் ஈபுக்.

கவிதைத் தொகுப்பு வைத்திருக்கிற லண்டன் தோழருக்கும், பாரிஸ் தோழருக்கும், நாட்குறிப்பு வைத்திருக்கிற ஸ்காபரோத் தம்பிக்கும் இதுதான் என் பதில். ஈபப் செய்ய உதவி வேண்டுமென்றால், அல்லது உதவி செய்ய ஏலுமென்றால், இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். பாமினியில் இருந்து மாற்றத் தெரிந்தவர்கள் கட்டாயம் போடுங்கள். அம்மப்பாவின் நாட்குறிப்பு 340 பக்கமாம்.

தோழமையுடன்,
ஸ்காபரோவில் இருந்து